‘ரிமூவ்’ என்றால் எடுப்பதா, அழிப்பதா? புதிதாக ஆங்கிலம் பழகுவோருக்கு

மாலை வகுப்புக்கு வரும் ஒரு அக்கா, மகளின் கல்யாணப் போட்டோக்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் எல்லாரும் பார்த்து முடித்ததும், பென் டிரைவை உருவும் முன் திரையில் ‘சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்’ என்பதை அழுத்தச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. “சார், ரிமூவ்னா அழிஞ்சிடுமே. போட்டோ எல்லாம் போயிடுமே” என்றார்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. “அந்த நம்பரை ரிமூவ் பண்ணிட்டேன்” என்று நாம் பேசும்போது பெரும்பாலும் அழித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பொத்தான் கேட்பது வேறு. ‘இந்த டிரைவைக் கழற்றப்போகிறேன், எழுத வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் எழுதி முடித்துக்கொள்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அது. போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் அதை அழுத்தாமல் வெடுக்கென்று உருவினால்தான் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அன்றைய வகுப்பு முழுக்க இந்த ஒரு சொல்லிலேயே போனது. அன்று பேசியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லுக்குள் இருக்கும் ‘மூவ்’ என்பதைப் பாருங்கள்

ரிமூவ் என்பதில் ‘மூவ்’ இருக்கிறது. லத்தீனில் ‘மொவேரே’ என்றால் நகர்த்துவது. முன்னால் வரும் ‘ரி’ என்பதற்கு இங்கே பின்னால், அப்பால் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஒரு பொருளை அது இருந்த இடத்திலிருந்து அப்பால் கொண்டுபோவது. அவ்வளவுதான் இதன் அடிப்படை அர்த்தம். அந்தப் பொருள் அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை இந்தச் சொல் சொல்வதே இல்லை. ஷூவை ரிமூவ் செய்தால் ஷூ வாசலில் இருக்கும். பல்லை ரிமூவ் செய்தால் அது குப்பைக்குப் போகும். இரண்டுக்கும் சொல் ஒன்றுதான்.

இதன் சொந்தக்காரச் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ‘டெலீட்’ என்பது லத்தீன் ‘டெலேரே’யிலிருந்து வந்தது. அதன் பொருள் துடைத்து அழிப்பது. கார்த்தேஜ் நகரம் அழிக்கப்பட வேண்டும் என்று ரோமானிய அரசியல்வாதி கேட்டோ விடாமல் வலியுறுத்தினாரே, அதில் வருவதும் இதே வினைச்சொல்தான். கி.மு. 146இல் ரோம் அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியது. டெலீட் என்ற சொல்லுக்குள் அந்த அழிவு இருக்கிறது. ‘இரேஸ்’ என்றால் சுரண்டி எடுப்பது. சவரம் செய்யும் ரேசருக்கும் அதே வேர். விலங்குத் தோலில் எழுதிய காலத்தில் எழுத்தை அழிக்க வேண்டுமென்றால் சுரண்டத்தான் வேண்டும். ‘எலிமினேட்’ என்பதற்குள் இருப்பது வாசற்படி. வாசலுக்கு வெளியே அனுப்புவது என்று பொருள். டிவி போட்டிகளில் ஒருவர் எலிமினேட் ஆகி வெளியே போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள், எளிதில் மறக்காது. ‘இராடிகேட்’ என்றால் வேரோடு பிடுங்குவது. 1980இல் உலகில் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது பயன்பட்ட சொல் அது. அந்த இடத்தில் ரிமூவ் போட முடியாது. இடம் மாறிய நோய் திரும்பி வரலாம், வேர் போன நோய் வராது.

இரண்டாம் படி: எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள்

ரிமூவ் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் தேடாதீர்கள். அகராதி ‘அகற்று, நீக்கு’ என்று சொல்லும். தவறில்லை. ஆனால் “செருப்பை நீக்கிவிட்டு உள்ளே வா” என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். எடுக்க வேண்டிய பொருள் எதோடு, எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத் தமிழ் தனித்தனி வினை வைத்திருக்கிறது. நம் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. சமையலறைக்குள் போனால் கண்ணெதிரே தெரியும்.

வெங்காயத்துக்குத் தோல் உரிக்கிறோம், உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறோம். மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறோம். அரைக்கீரையை ஆய்கிறோம், முருங்கைக் கீரையை உருவுகிறோம். வாழைப்பூவில் கள்ளன் எடுக்கிறோம். அரிசியில் கல் பொறுக்குகிறோம், உமி போகப் புடைக்கிறோம். கொதிக்கும் பருப்பில் நுரையை வழித்தெடுக்கிறோம். புளியைக் கரைத்துக் கொட்டையையும் சக்கையையும் பிழிந்து எடுக்கிறோம். இத்தனையையும் ஓர் ஆங்கில சமையல் குறிப்பு ரிமூவ் என்ற ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ஆங்கிலத்திலும் பீல், ஸ்கிம், ப்ளக் என்று குறிப்பான சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல் உங்களுக்கு நினைவு வராதபோது ரிமூவ் கைகொடுக்கும். புதிதாகப் பழகுவோருக்கு இது பெரிய வசதி. ‘ஸ்கிம்’ வரவில்லையா? ‘ரிமூவ் தி ஃபோம்’ என்று எழுதுங்கள். சரியாகவே இருக்கும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். பாக்கெட்டுகளில் ‘ரிமூவ் ஃப்ரம் ஹீட்’ என்று இருக்கும். அதை ‘வெப்பத்திலிருந்து அகற்றவும்’ என்று போட்டால் அது தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலம். நாம் சொல்வது ‘அடுப்பிலிருந்து இறக்கவும்’. இதில் ஒரு சமையல் விஷயமும் இருக்கிறது. அடுப்பை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சார ஹாட் பிளேட் அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும், பால் பொங்கிக்கொண்டே இருக்கும். பாத்திரத்தையே நகர்த்தச் சொல்கிறது அந்த வரி. சொல்லுக்குள் இருக்கும் ‘மூவ்’ இங்கே வேலை செய்கிறது.

சமையலறைக்கு வெளியேயும் இப்படித்தான். ஆணியைப் பிடுங்குகிறோம், பந்தலைப் பிரிக்கிறோம், கறையைப் போக்குகிறோம், மேக்கப்பைக் கலைக்கிறோம், சுவரொட்டியைக் கிழிக்கிறோம். ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கிறார்கள். மூலையில் இருக்கும் ஒட்டடையை எடுப்பதற்கு ‘ஒட்டடை அடிப்பது’ என்றே பெயர். ‘அகற்று’ என்பது ஆக்கிரமிப்புக்கு, குப்பைக்கு, பேனருக்கு, அதாவது அரசு அறிவிப்புக்குப் பொருந்தும். ‘நீக்கு’ என்பது பட்டியலில் இருக்கும் பெயருக்கு, பதவியில் இருக்கும் ஆளுக்கு. தடையையும் தமிழில் நீக்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘லிஃப்ட்’ என்ற சொல்தான் அதிகம் வரும்.

மூன்றாம் படி: ‘எதிலிருந்து?’ என்பதை விடாதீர்கள்

பள்ளியில் ஐந்தாம் வேற்றுமை படித்திருப்பீர்கள். நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள். ‘மலையின் வீழ் அருவி’ என்பது நீங்கலுக்கு ஆசிரியர் சொன்ன உதாரணம். ஆங்கிலத்தில் அந்த நீங்கல் பொருளைத் தருவது ‘ஃப்ரம்’. ரிமூவ் வந்தால் அதன் பின்னால் பொருள் வர வேண்டும், அதற்குப் பின்னால் ஃப்ரம், கடைசியில் இடம். ‘ரிமூவ் தி ப்ளேட்ஸ் ஃப்ரம் தி டேபிள்.’ தமிழில் நாம் இடத்தை முதலில் சொல்கிறோம்: மேசையிலிருந்து தட்டுகளை எடு. வரிசை அப்படியே தலைகீழ். அதனால் அவசரத்தில் ‘ரிமூவ் தி டேபிள்’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர் மேசையையே தூக்கிக்கொண்டு போகலாம்.

இன்னும் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ‘எடுத்துடுங்க’ என்று தமிழில் தனியாகச் சொல்லலாம், எதை என்பது சூழ்நிலையிலேயே தெரியும். ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் ரிமூவ்’ என்று நிறுத்த முடியாது. ‘ப்ளீஸ் ரிமூவ் இட்’ என்று முடிக்க வேண்டும். அப்புறம் ‘ரிமூவ் ஆஃப்’, ‘ரிமூவ் அவுட்’ என்று வால் சேர்க்காதீர்கள். அப்பால் என்ற பொருள் ‘ரி’யிலேயே வந்துவிட்டது.

நான்காம் படி: யார் எடுத்தது?

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

“போன வாரம் பல் பிடுங்கிக்கிட்டேன்” என்கிறோம். நாமே குறடு பிடித்துப் பிடுங்கியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். ‘கொள்’ என்ற துணைவினை, இன்னொருவர் செய்ததை நமக்காக ஏற்றுக்கொண்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. முடி வெட்டிக்கொண்டேன், ஊசி போட்டுக்கொண்டேன், எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘ஐ ரிமூவ்ட் மை டூத்’ என்றால் நீங்களே பிடுங்கினீர்கள் என்றுதான் வாக்கியம் சொல்கிறது.

சொல்ல வேண்டியது ‘ஐ ஹேட் மை டூத் ரிமூவ்ட்’. முதலில் ஹேட், அடுத்து எடுக்கப்பட்ட பொருள், கடைசியில் ரிமூவ்ட். இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யலாம். பித்தப்பை, மச்சம், குடல்வால், தையல், மாவுக்கட்டு என்று எதை வேண்டுமானாலும் நடுவில் போட்டுப் பழகுங்கள். எடுத்தவரைக் குறிப்பிட்டு ‘தி டாக்டர் ரிமூவ்ட் மை ஸ்டிச்சஸ்’ என்று சொன்னாலும் சரிதான்.

என் உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, ஊரில் டாக்டர் தையல் பிரித்துவிட்டதைச் சொல்ல நினைத்து ‘ஐ ரிமூவ்ட் தி ஸ்டிச்சஸ்’ என்றிருக்கிறார். நர்ஸ் பதறிப்போய், எதை வைத்து எடுத்தீர்கள், சுத்தமான கருவியா, காய்ச்சல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். தையலைத் தாங்களே பிரித்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு, அதனால் அவர் கேட்டது சரி. மருத்துவரிடம் பேசும்போது இந்த ‘ஹேட்’ விட்டுப்போனால் வீண் கலவரம்.

கூடுதலாக ஒன்று: பல் டாக்டர் எழுதும் சீட்டில் ரிமூவல் என்பதைவிட ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ என்ற சொல்தான் அதிகம் இருக்கும். இழுத்து எடுப்பது என்று அதற்குப் பொருள்.

ஐந்தாம் படி: பலகைக்கு ஒரு சொல், வீட்டுக்கு ஒரு சொல்

ரிமூவ் கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாத சொல். கோயில் வாசல் பலகை, விமான நிலைய அறிவிப்பு, மருந்து டப்பா, மெஷினோடு வரும் கையேடு, இவைதான் அதன் இடம். கண் சொட்டு மருந்தில் ‘ரிமூவ் கான்டாக்ட் லென்ஸஸ் பிஃபோர் யூஸ்’ என்று இருக்கும். நிறுத்தி வைத்த விமானங்களில் மூடிகளிலும் பின்களிலும் ‘ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்’ என்று எழுதிய சிவப்புப் பட்டை தொங்கும். கிளம்பும் முன் கழற்ற மறந்தால் ஆபத்து.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘ரிமூவ் யுவர் ஷூஸ்’ என்றால் பலகை படிப்பது போல இருக்கும். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்பதுதான் பேச்சு. உடுத்தியது, அணிந்தது எல்லாவற்றுக்கும் டேக் ஆஃப். பைக்குள், டப்பாவுக்குள், அலமாரிக்குள் இருப்பதற்கு ‘டேக் அவுட்’. நம் வகுப்பறைகளில் ‘ரிமூவ் யுவர் நோட்புக்ஸ்’ என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். ‘எடு’ என்ற நம் சொல்தான் அங்கே ஆங்கில வேஷம் போட்டு வந்திருக்கிறது. ‘டேக் அவுட் யுவர் நோட்புக்ஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியில் பணத்துக்கு ‘வித்ட்ரா’. அங்கே ரிமூவ் சொன்னால் விவகாரமாகக் கேட்கும்.

டேக் ஆஃப் சொல்லும்போது ‘இட்’ நடுவில் வரும்: ‘டேக் இட் ஆஃப்’. ‘டேக் ஆஃப் இட்’ என்பது தவறு.

ஆறாம் படி: வாயில் வரவழையுங்கள்

அழுத்தம் ‘மூ’வில். நெடிலாக இழுங்கள். எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது: லவ், ஸ்டோவ், மூவ் மூன்றும் ஒரே மாதிரி எழுத்தில் முடிகின்றன, ஓசை மூன்று விதம். கடைசி ‘வ்’ சொல்லும்போது மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். இறந்தகாலம் ‘ரிமூவ்ட்’, இரண்டே அசை. ‘ரிமூவெட்’ என்று மூன்றாக்க வேண்டாம். டெலீட் மட்டும் ஏன் ‘டிலீட்டட்’ ஆகிறது என்றால், ஆங்கில t அல்லது d ஓசையில் முடியும் வினைகளுக்குத்தான் அந்தக் கூடுதல் அசை.

ஏழாம் படி: திரையில் பார்க்கும்போது

மூன்றாம் படியில் சொன்ன ‘எதிலிருந்து?’ என்ற கேள்வி இங்கே பணத்துக்குச் சமம். ஐபோனில் ஒரு ஆப்பை அழுத்திப் பிடித்தால் ‘ரிமூவ் ஆப்’ என்று வரும். அதைத் தொட்டால் இரண்டு வழி காட்டும். ஒன்று ‘டெலீட் ஆப்’, இன்னொன்று ‘ரிமூவ் ஃப்ரம் ஹோம் ஸ்க்ரீன்’. முதலாவதில் ஆப் போனை விட்டே போய்விடும். இரண்டாவதில் முகப்பிலிருந்து மட்டும் போகும், ஆப் உள்ளே பத்திரமாக இருக்கும். இந்தச் சொல்லின் முழுப் பாடமும் அந்த ஒரே மெனுவில் இருக்கிறது. புதியவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.

பாட்டுப் பட்டியலிலிருந்து ரிமூவ் செய்தால் பட்டியலில் இருந்து மட்டும் போகும், பாட்டு இருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை ரிமூவ் செய்தால் அவர் வெளியே போவார், ஆனால் அதுவரை வந்த செய்திகள் அவர் போனில் இருக்கும். செய்தியை எடுக்க வேண்டுமென்றால் அதற்கு டெலீட்.

எக்செல் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய இடம். அங்கே ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ அழுத்தினால் இரட்டிப்பாக உள்ள வரிசைகளில் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை நிஜமாகவே அழித்துவிடும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள்.

எட்டாம் படி: கடிதத்தில் ‘ரிமூவல்’ வந்தால்

பெயர்ச்சொல் ‘ரிமூவல்’. வேலை, சட்டம் சம்பந்தமான தாளில் இது இருந்தால் ஒரு எழுத்தும் விடாமல் படிக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு டிஸ்மிஸல், ரிமூவல் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது: ரிமூவல் ஆனவர் மறுபடி அரசு வேலைக்கு வர அதுவே தடையாகாது, டிஸ்மிஸல் ஆனவருக்குப் பொதுவாகத் தடை உண்டு. தமிழில் முன்னதைப் பணி நீக்கம் என்றும் பின்னதைப் பணியறவு என்றும் சொல்வார்கள். இரண்டையும் ‘டிஸ்மிஸ்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதால் ஒருவருடைய அடுத்த வேலையே பாதிக்கப்படலாம்.

இங்கிலாந்துக்குப் போயிருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. தெருவில் லாரியின் மேல் ‘ரிமூவல்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது வீடு மாற்றிக் கொடுப்பவர்களின் வண்டி, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குடியேற்றத் துறையிலிருந்து வரும் கடிதத்தில் ‘ரிமூவல்’ இருந்தால், தங்க அனுமதி இல்லை என்று நாட்டை விட்டு அனுப்பும் நடவடிக்கை அது. டிபோர்ட்டேஷன் என்பது வேறு சட்ட நடைமுறை, அது பெரும்பாலும் குற்றத் தண்டனை பெற்றவர்கள் மேல் வரும். எந்தச் சொல் இருந்தாலும் அன்றைக்கே குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதில் சொல்ல நாள் கணக்கு இருக்கும்.

உறவுமுறையில் வரும் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ நம்மவர்களுக்கு வேறு விதமாகக் குழப்பும், ஏனென்றால் நம்மிடம் ‘ஒன்றுவிட்ட’ இருக்கிறது. பார்க்க ஒன்று போல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. பெரியப்பா மகன் நமக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆங்கிலத்தில் அவர் வெறும் ‘ஃபர்ஸ்ட் கஸின்’, ரிமூவ்ட் கிடையாது. ஒரு தலைமுறை மேலோ கீழோ போனால்தான் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ வரும். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, அதாவது உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா, ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் கஸின் ஒன்ஸ் ரிமூவ்ட்’.

பயிற்சி

இன்று வீட்டில் ஆங்கிலம் அச்சிட்ட ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மருந்து டப்பா, மிக்ஸி கையேடு, நூடுல்ஸ் பாக்கெட், நெயில் பாலிஷ் ரிமூவர், போன் மெனு. ரிமூவ் வரும் வரியை நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் அம்மா அதை எப்படிச் சொல்வார் என்று எழுதுங்கள். பிறகு நோட்டைத் திருப்பிவைத்து, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: பொருள் முதலில், ஃப்ரம் அடுத்து, இடம் கடைசியில். இன்னொருவர் செய்ததாக இருந்தால் ஹேட் போட்டீர்களா என்று மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள்.